கிருமிக்கு மாத்திரை சரி, புண்ணுக்கு?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அப்பாவுக்கு 62 வயது, 15 வருடமாகச் சர்க்கரை நோய். ஷூவுக்குள் கிடந்த சிறு கல் தெரியாமல் நாள் முழுக்க நடந்ததில் வலது கால் கட்டைவிரலின் அடியில் புண் வந்துவிட்டது. ஆறு வாரமாகிறது. முதலில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரை 5 நாள் கொடுத்தார்கள். சிவப்பு குறைந்தது, புண் ஆறவில்லை. மறுபடி அதே மாத்திரை 7 நாள். பிறகு புண்ணில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனை) மூன்று கிருமிகள் என்று ரிப்போர்ட் வந்தது, அதில் ஒன்று சூடோமோனாஸ். அதைப் பார்த்துப் பயந்து, முன்பு சிறுநீர்த் தொற்றுக்கு வாங்கி மிச்சம் இருந்த சிப்ரோஃபிளாக்சசினை அப்பா தானாகவே 3 நாள் போட்டுக்கொண்டார். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் வியர்த்து, கை நடுங்கிச் சோர்ந்துபோனார், சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. வெறும் வயிற்றில் சுகர் 230, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி) 10.2, கிரியாட்டினின் 1.6. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். வலியே இல்லை என்று தினமும் 45 நிமிடம் நடைப்பயிற்சிக்குப் போகிறார். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். கத்தி வைத்தால் விரல் போய்விடும் என்று அப்பா மறுக்கிறார். இதற்குச் சரியான ஆன்டிபயாட்டிக் எது, எத்தனை நாள், ஊசியா மாத்திரையா? ஆன்டிபயாட்டிக் பவுடர் தூவலாமா? ஒரு வாரமாகக் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் உருண்டு வீங்கியிருக்கிறது, கட்டு இறுக்கமாக இருப்பதால் என்று நினைக்கிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மருந்தின் பெயருக்கு வருகிறேன். அதற்கு முன், கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கட்டைவிரல் உருண்டு வீங்கியிருக்கிறது என்று, எனக்கு அதுதான் உறுத்துகிறது. கட்டு இறுக்கத்தால் வந்த வீக்கம் என்றால் கட்டைத் தளர்த்திய ஒரு நாளில் வடிந்திருக்க வேண்டும். ஒரு வாரமாக வடியாமல், நுனியிலிருந்து அடிவரை விரல் ஒரே பருமனாகத் தடித்திருந்தால், புண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்புக்குக் கிருமி இறங்கிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதெல்லாம் இங்கே சமாதானம் ஆகாது. இந்த வாரத்துக்குள் பாருங்கள்.

பார்ப்பது பெரிய வித்தை இல்லை. முனை மழுங்கிய, கிருமி நீக்கிய உலோகக் கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். சதை மெத்தென்று இருக்கும். கல்லில் முட்டுவதுபோல் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அது எலும்பு. அப்பா வலி தாங்குவாரா என்று பயப்பட வேண்டாம், அவருக்கு அந்த இடத்தில் உணர்ச்சி இருந்திருந்தால் கல்லோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்க மாட்டார். கூடவே ஓர் எக்ஸ்ரே. எலும்பு அரிக்கப்படுவது எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், புண் வந்த புதிதில் எடுத்த படம் ஏதாவது கையில் இருந்தால் அதைக் காட்டி 'எலும்பு நன்றாகத்தான் இருந்தது' என்று சொல்ல வேண்டாம், புதிதாக எடுங்கள். ரத்தத்தில் ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம், உடலில் அழற்சி இருந்தால் கூடும்) பார்ப்பார்கள். அது 70ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். இத்தனைக்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால் எம்ஆர்ஐ. கம்பிச் சோதனையை யாராவது செய்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

எலும்பைப் பற்றி நான் இவ்வளவு அலட்டிக்கொள்வதற்குக் காரணம், உங்கள் 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கான பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது. தோலும் சதையும் மட்டும் என்றால் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம். எலும்பும் சேர்ந்தால், அதை வெட்டி எடுக்காத பட்சத்தில் சுமார் ஆறு வாரம். இது தெரியாமல் மருந்துப் பெயரும் நாள் கணக்கும் கேட்பது, ஊர் பெயர் சொல்லாமல் பஸ் டிக்கெட் கேட்பது போல.

சரி, ஆன்டிபயாட்டிக்குக்கு வருவோம். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. புண்ணை ஆற்றுவது அதன் வேலையே இல்லை. கேட்கச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் உங்கள் வீட்டில் ஆறு வாரமாக நடந்த குழப்பம் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததில் வந்ததுதான். புண் ஆறவில்லை, ஆகவே மருந்து வேலை செய்யவில்லை, ஆகவே இன்னும் வீரியமானது வேண்டும் என்று போய்விட்டீர்கள். நடந்ததைத் திருப்பிப் பாருங்கள்: முதல் 5 நாள் மாத்திரையில் சிவப்பு குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தோலளவில் இருந்த தொற்றுக்கு அந்த மருந்து கேட்டிருக்கிறது. மிஞ்சியது புண். அதற்கு வேறு வைத்தியம் வேண்டியிருந்தது, மறுபடியும் மாத்திரைதான் போயிருக்கிறது. நேரில் பார்க்காத நான் உங்கள் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்தபோது வேறு அறிகுறி ஏதாவது இருந்திருக்கலாம்.

சர்க்கரை நோயாளியின் காலில் ஒரு புண் இருந்தாலே அதில் தொற்று இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொற்றைக் கண்ணாலும் கையாலும் பார்த்துத்தான் முடிவு செய்யச் சொல்கிறது. புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, வீக்கம் அல்லது கல்போல் இறுகிய தன்மை, தொட்டால் சூடு, வலி, சீழ். இவற்றில் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். சிவப்பு 2 சென்டிமீட்டருக்குள் நின்று, தோலோடும் அதற்கு அடுத்த கொழுப்போடும் முடிந்துபோனால் லேசான தொற்று. அதைத் தாண்டிப் பரவினாலோ தசை, எலும்பு வரை இறங்கினாலோ நடுத்தரம். இதோடு காய்ச்சலோ, உடல் சில்லிட்டுப்போவதோ, வேகமான நாடித் துடிப்போ மூச்சோ, வெள்ளணுக்கள் தாறுமாறாவதோ, இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால் கடுமையான தொற்று, ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. சீக்கிரம் ஆறட்டும் என்று கொடுப்பதில் பலன் இல்லை. தோலில் சும்மா இருந்த கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கிவிடுவதுதான் மிச்சம். அப்புறம் நிஜமாகவே தொற்று வரும்போது அந்த மருந்து கேட்காது.

இப்போது அந்த கல்ச்சர் ரிப்போர்ட். வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது அதுதான் என்று தெரிகிறது. ஆறு வாரத் திறந்த புண்ணின் மேல் பஞ்சுக்குச்சியைத் தடவினால் கிருமி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டுக்குள் திருடியது யார் என்று கேட்டால், தெருவில் நின்றவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதித் தருகிற மாதிரி அந்த ரிப்போர்ட். சூடோமோனாஸ் ஈரத்தில் வளர்கிற கிருமி. நனைந்த கட்டு, கசிகிற புண் என்றால் மேலாகக் குடியேறிவிடும். சில சமயம் அது நிஜமான குற்றவாளியாகவும் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மேற்பரப்பில் தடவி எடுத்ததை வைத்து அதைச் சொல்ல முடியாது. புண்ணைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்த பிறகு, அடியில் தெரிகிற சதையைக் கொஞ்சம் சுரண்டியோ துண்டாகவோ எடுத்து அனுப்புகிற கல்ச்சரைத்தான் நம்பலாம். அதை ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். எலும்பில் சந்தேகம் இருந்து, அப்பா நிலையாகவும் இருந்தால், முடிந்தவரை ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவைத்து எலும்பிலிருந்தே சாம்பிள் எடுப்பதும் உண்டு. நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு எதிரே 'எஸ்' என்று இருந்தால் ஆய்வகத் தட்டில் அந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்கியது என்று பொருள். அப்பாவின் சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா, விரல் நுனிவரை அது போய்ச் சேருமா என்பதெல்லாம் அந்தத் தட்டுக்குத் தெரியாது.

மிச்சம் இருந்த சிப்ரோஃபிளாக்சசினைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவுக்கு வியர்த்துக் கை நடுங்கியது இருக்கிறதே, அது சோர்வு இல்லை. பெரும்பாலும் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது. சாப்பிட்டதும் சரியானது அதற்குச் சாட்சி. சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் போன்ற ஃபுளோரோகுவினோலோன் வகை மருந்துகள் கணையத்திலிருந்து இன்சுலினை அதிகம் சுரக்கவைக்கக்கூடியவை. கிளிமெபிரைடு செய்வதும் அதே வேலைதான். இரண்டும் சேர்ந்துவிட்டன. கிரியாட்டினின் 1.6 என்பதால் சிறுநீரகம் மருந்துகளை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால் இரண்டின் பிடியும் கூடுதல் நேரம் நின்றிருக்கும். சர்க்கரை சராசரியாக உயரத்தில் இருப்பவருக்குத் தாழ்நிலை வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது தவறு. இந்த வகை மருந்துகளால் சர்க்கரை மயக்கம் வரும் அளவுக்குத் தாழலாம் என்று 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த காட்டிஃபிளாக்சசின் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றி இறக்கியதால்தான் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. இந்தியா 2011இல் அதன் மாத்திரையையும் ஊசியையும் தடை செய்தது. 60 வயதுக்கு மேல் குதிகால் நரம்பு அறுந்துபோகும் அபாயமும் இந்த மருந்துகளுக்கு உண்டு. நரம்பு என்று பேச்சில் சொல்கிறோமே, தசைநாண், அது.

சிப்ரோஃபிளாக்சசின் கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. சூடோமோனாஸ்தான் காரணம் என்று உறுதியானால், வாயால் சாப்பிடுகிற மருந்துகளில் அதற்குக் கேட்பவை மிகச் சில, அவற்றில் இது ஒன்று. அப்போது உங்கள் மருத்துவரே இதை எழுதலாம். ஆனால் கிளிமெபிரைடைக் குறைத்துவிட்டு, சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில், சர்க்கரையை நாளுக்கு நான்கு தடவை பார்த்துக்கொண்டு எழுதுவார். அப்பா போட்டுக்கொண்டதில் இது எதுவும் இல்லை. தவிர, சர்க்கரைப் புண்ணில் முதலில் தொற்றுகிற ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளிடம் இதன் பலம் குறைவு. ஆக, தொற்று இருந்திருந்தாலும் அரைகுறையாகத்தான் அடித்திருக்கும். அந்த அட்டையில் இன்னும் மாத்திரை இருந்தால் தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்த 3 நாள் கதையை மறைக்காமல் சொல்லுங்கள், புதிய கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிக்கிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இதே மாதிரி வேறு சில மருந்துகளும் சர்க்கரை நோயாளியிடம் வேறு முகம் காட்டும். கோட்ரைமாக்சசோல், கிளிமெபிரைடு வகையோடு சேர்ந்தால் சர்க்கரையைத் தாழ்த்தும். பிரஷர் மாத்திரை சிலவற்றோடு சேர்ந்தால் பொட்டாசியத்தை ஏற்றும். லினிசோலிட் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கலாம், வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும். அமிக்கசின், ஜென்டமைசின் ஊசிகள் சிறுநீரகத்தைப் பாதிப்பவை, அப்பாவுக்கு வேறு வழி இருக்கும்வரை நான் தொட மாட்டேன். கிளிண்டமைசின் குடித்து நிற்காத வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

பெயர் கேட்டீர்கள், சொல்லாமல் நழுவுவதாக நினைக்க வேண்டாம். லேசான, புதிய தொற்றுக்குச் செஃபலெக்சின், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போன்றவையே போதும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் கிளிண்டமைசின், டாக்சிசைக்ளின் என்று போவோம். பழைய புண், ஆழமான தொற்று, முன்பே பலமுறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர் என்றால் பலவகைக் கிருமிகளையும் பிடிக்கிற மருந்தில் தொடங்குவோம். ஆஸ்பத்திரியில் பைபராசிலின்-டாசோபாக்டம் மாதிரியான ஊசியில் தொடங்கி, கல்ச்சர் வந்ததும் அந்தக் கிருமியை மட்டும் குறிவைக்கிற மருந்துக்கு மாற்றுவோம். உங்கள் அப்பா இதில் எந்தப் படியில் நிற்கிறார் என்பது கம்பிச் சோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் பிறகுதான் தெரியும். அதற்கு முன் நான் ஒரு பெயரை எழுதினால் நீங்கள் வாங்கிவிடுவீர்கள், அதுதான் பயம்.

ஊசியா மாத்திரையா என்பதற்கு நல்ல ஆய்வே இருக்கிறது. எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரைப் பிரிட்டனில் இரண்டு பிரிவாக்கி, முதல் ஆறு வாரம் ஒரு பிரிவுக்கு நரம்பு வழி ஊசியும் இன்னொரு பிரிவுக்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. ஓராண்டில் சிகிச்சை தோற்றது ஊசிப் பிரிவில் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2 சதவீதம். அதாவது மாத்திரை எந்த விதத்திலும் மட்டம் இல்லை. வாந்தி எடுப்பவர், குடல் சரியாக வேலை செய்யாதவர், கடுமையான தொற்றில் ரத்த அழுத்தம் தடுமாறுகிறவர், கிருமிக்குக் கேட்கிற மாத்திரையே இல்லாதவர், இவர்களுக்கு ஊசிதான். மற்றவர்களுக்கு ஊசி என்றால் வீரியம் என்று நினைப்பது பழக்கதோஷம்.

பவுடர் வேண்டாம். கட்டிதட்டி அடியில் சீழைப் பூட்டிவைக்கும். அதில் நியோமைசின் இருந்தால் தோல் ஒவ்வாமை வேறு வரலாம். பொங்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், அது கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கிற சதையையும் எரிக்கும். உப்புநீர்க் கரைசலில் கழுவி, ஈரம் அதிகமாக ஊறாத கட்டுப் போட்டால் போதும்.

அப்படியானால் புண்ணை ஆற்றுவது எது? செத்த சதையை நீக்குவது, ரத்த ஓட்டம், அழுத்தத்தை எடுப்பது, சர்க்கரை. இதில் முதலாவதைத்தான் அப்பா மறுக்கிறார்.

அவருடைய பயம் எனக்குப் புரியும். சர்க்கரைப் புண்ணைக் கத்தி தொட்டால் காலே போய்விடும் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர்களுடையது. ஒருவர் வெட்ட வேண்டாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார், கருத்துப்போன பிறகு வருவார், அப்போது விரலை எடுக்க வேண்டியிருக்கும். பார்ப்பவர்களுக்குக் கத்தி வைத்ததும் விரல் போனது என்றுதான் தெரியும். செத்த சதைக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. அதில் கிருமிகள் ஒரு வழவழப்பான போர்வையைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும், அதைத் துளைப்பது எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் கஷ்டம். புண்ணின் ஓரத்தில் வெள்ளையாகத் தடித்த காய்ப்பு இருந்தால் அதையும் சீவ வேண்டும், அது உள்ளே ஒரு கல் இருப்பது போலவே அழுத்தும். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இது விரலை எடுக்கிற ஆபரேஷன் இல்லை, விரல் மிஞ்சுவதற்காகச் செய்கிறது. ஒருவேளை எலும்பின் நுனி கெட்டிருந்து அந்தச் சிறு பகுதியை எடுக்க வேண்டி வந்தாலும் அதில் ஒரு லாபம் உண்டு. கெட்டது முழுவதும் போய்விட்டால் அதன்பின் ஆன்டிபயாட்டிக் சில நாளில் முடிந்துவிடும். வெட்டிய முனையில் கிருமி மிச்சம் என்று தெரிந்தால் மூன்று வாரம் வரை.

ஆனால் வெட்டுவதற்கு முன் காலுக்கு ரத்தம் எப்படி வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பார்கள், கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுத்துக் கையோடு ஒப்பிடுவார்கள். நீண்டகாலச் சர்க்கரையில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால் கணுக்கால் அளவு பொய்யாக நன்றாகக் காட்டும். அதனால் கால்விரலில் அழுத்தம் பார்ப்பது நம்பகமானது. விரலில் அது 30க்குக் கீழே இருந்தால் ரத்தநாள நிபுணரிடம் அவசரமாகப் போக வேண்டும். அந்த நிலையில் எந்த மருந்தும் தனியாக எதையும் சாதிக்காது.

சர்க்கரை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும். வெள்ளணுக்கள் சர்க்கரைப் பாகில் நீந்தும்போது மந்தமாகிவிடும், கிருமியைத் தேடிப் போவதும் விழுங்குவதும் குறைந்துவிடும். தொற்றோ சர்க்கரையை இன்னும் ஏற்றும். இந்தச் சுழலை உடைக்கத் தற்காலிகமாக இன்சுலின் எழுதினால் தயவுசெய்து சண்டை போடாதீர்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னேன். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரையைப் புதிதாக யாராவது எழுத நினைத்தால், காலில் ஆறாத புண் இருப்பதை ஞாபகப்படுத்துங்கள். புண் ஆறும்வரை அவற்றைத் தொடங்க வேண்டாம் என்பதுதான் இப்போதைய பரிந்துரை.

எப்போது நேரம் பார்க்காமல் ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். சிவப்பின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் கிளம்பிவிடுங்கள். தோல் கருநீலமாவது, கொப்புளம் எழும்புவது, துர்நாற்றம், அழுத்தினால் தோலுக்கடியில் நொறுநொறு என்று சத்தம், குளிர் நடுக்கம், வாந்தி, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாமல் சர்க்கரை 300, 400 என்று ஏறுவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு மோசமான தொற்றிலும் காய்ச்சல் வராது, தெர்மாமீட்டரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கடைசியாக அந்த 45 நிமிட நடை. உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்த இரண்டாவது விஷயம் இது. வேலூரில் தொழுநோயாளிகளின் கால்புண்களோடு பல வருடம் போராடிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அந்தப் புண்கள் ஆறாததற்குக் காரணம் சதை கெட்டுப்போனது இல்லை, வலி தெரியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப மிதிப்பதுதான் என்று கண்டுகொண்டார். காலை மாவுக்கட்டில் முழுமையாகப் பொதிந்து அழுத்தத்தை எடுத்தால் புண் ஆறியது. அவர் 1960களில் அமெரிக்காவுக்குப் போனபின் அதே முறை சர்க்கரைப் புண்களுக்கும் பரவி, இன்று பாதத்தின் அடிப்பகுதிப் புண்ணுக்கு முதல் சிகிச்சையாக நிற்கிறது. நமக்கெல்லாம் காலில் ஒரு கொப்புளம் வந்தால் நொண்டுவோம், அந்த நொண்டல்தான் மருந்து. அப்பாவுக்கு அது இல்லாமல் போய்விட்டது. தினமும் அவர் வைக்கிற ஆயிரக்கணக்கான அடிகளில் ஒவ்வொன்றும் அந்தப் புண்ணின் மேல்தான் விழுகிறது.

தொற்றும் ரத்த ஓட்டமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, முழங்கால்வரை வரும் மாவுக்கட்டோ கழற்ற முடியாத பூட்ஸோ போடலாமா என்று மருத்துவர் சொல்வார். கழற்ற முடியாதது என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கழற்ற முடிந்தால் அப்பா கழற்றிவிடுவார், வலிக்காதே! கடுமையான தொற்றோ மோசமான ரத்த ஓட்டமோ இருந்தால் கழற்றிப் பார்க்கக்கூடியதைத்தான் தருவார்கள், அப்போது காவல் இருப்பது உங்கள் வேலை. அதுவரை நடைப்பயிற்சியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை ஏறிவிடுமே என்று கேட்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளுக்கு எடை தூக்கலாம், மேல் உடம்புக்கு அரை மணி நேரம் பயிற்சி செய்யலாம், மீதியை இன்சுலின் பார்த்துக்கொள்ளும். குளியலறைக்குப் போக வர மட்டும் எழுந்தால் போதும், அதுவும் புண் உள்ள விரலில் ஊன்றாமல். எக்ஸ்ரேயும் ஈஎஸ்ஆரும் வந்ததும் இன்னொரு கடிதம் போடுங்கள்.